ஓடிப்போன இத்தெல்

"இத்தெலுக்கா பொண்ணு குடுக்கறீங்க? உக்காருங்கய்யா. முதல்ல ஒரு டீ குடிங்க."

சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள் ரொட்டி மெகன். பிராசருக்குப் பக்கென்றது.

வருங்கால மாப்பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை விசாரித்துவிட்டுப் போகலாம் என்று மூன்று பள்ளத்தாக்குகளைத் தாண்டி, மழையோடு மழையாக அந்த ஊருக்கு வந்திருந்தார் அவர். மகள் லவ்ரி சவால் விட்டே அனுப்பியிருந்தாள். "போய்க் கேளுங்கப்பா. அவரைப் பத்தி ஒரே ஒருத்தர் குறை சொன்னாக்கூட இந்தக் கல்யாணம் வேண்டாம்." மறுநாள் ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பு. அதற்குள் உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

மாப்பிள்ளை லேசுப்பட்டவனா? வேல்ஸ் கால்பந்து அணியின் இடது விங்கர். ஓரக்கோட்டை ஒட்டி அவன் பந்தோடு கிளம்பினால், மழைகூட அவனுக்குப் பின்னால்தான் பெய்யும். அவனைத் தடுக்கப் போன ஆட்டக்காரர் ஒருவர், அவன் எந்தப் பக்கம் போனான் என்று பார்த்துக்கொண்டு இன்னும் அந்த மைதானத்திலேயே நிற்பதாகக் கேள்வி. இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் அவனுக்காக அடித்துக்கொண்டன. வாங்காத கோப்பை இல்லை. போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தான்.

"பையன் குடிப்பானாம்மா?"

"சேச்சே. பாலுதான்."

"வேற பொண்ணு கிண்ணு..."

"அதெல்லாம்னா மன்னிச்சிருக்க மாட்டோமா?" மெகன் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "இந்த ஊர்ல அவனை 'ஓடிப்போன இத்தெல்'னுதான் சொல்லுவோம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. ரொட்டி தீஞ்சிடும்."

அந்தப் பக்கத்தில் பட்டப்பெயர் சும்மா ஒட்டாது. ரொட்டி சுடுவதால் ரொட்டி மெகன். சவப்பெட்டி செய்வதால் பெட்டி ஹவல். அப்படியானால் இவன் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினான்? யாரை?

பெட்டி ஹவல் எதிர்ச்சாரி மதுக்கடையில் பீரோடு உட்கார்ந்திருந்தார்.

"விங்கர்னா ஓடத்தானேய்யா செய்வான்?" என்று நைசாக ஆரம்பித்தார் பிராசர்.

"மைதானத்துல ஓடினதை யாரு சொன்னா? ஊரை விட்டு ஓடினான். அதுவும் எந்த வாரத்துல!"

பக்கத்து மேஜைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

"எந்த வாரத்துல?"

"ஐயா, நான் பொணத்துக்கு அளவெடுக்கிறவன். எனக்கே அதைப் பேசினா தொண்டை அடைக்குது."

"அவன் போட்ட கோல்லதானேய்யா வேல்ஸ் ஜெயிச்சது? நீங்கல்லாம் பாக்கலையா?"

"பார்த்தோம். கோலைப் போட்டுட்டு வாயைத் திறந்து கத்தினான் பாருங்க. அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் என் பொண்டாட்டி அழ ஆரம்பிச்சுட்டா. டீவியை அணைச்சிட்டோம்."

கோல் போட்டவன் கத்தாமல் கொட்டாவியா விடுவான்? பிராசர் மழையில் இறங்கி நேராகப் போதகர் பென்ரியின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"போதகரே, இத்தெல் செஞ்சது கொலையா, கொள்ளையா? எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு."

போதகர் ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். யோசித்துப் பார்த்து அடுப்பறைக் கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

"தேசியப் பாட்டுப் போட்டி. எங்க ஊர் ஆண்கள் குழு மேடையேற இன்னும் ஆறே நாள். அந்தச் சமயம் பார்த்து ஒரு கிளப்காரன் வந்து, பையன்கிட்ட கையெழுத்து வாங்கிக் கூட்டிட்டுப் போயிட்டான். உச்சக் குரலுக்கு எங்களுக்கு அவன் ஒருத்தன்தான். அவன் இல்லாமலே ஏறினோம். ஒரு மார்க்குல போச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா!" போதகர் எழுந்தே விட்டார். "பந்தை உதைக்க ஊருக்குப் பதினோரு பேர் கிடைப்பாங்க. உச்சத்துல ஏறி அங்கேயே நின்னு பாட ஒருத்தன் கிடைப்பானாய்யா? அன்னையிலேர்ந்து அவங்கம்மா தேவாலயத்துல கடைசி பெஞ்சுலதான் உக்கார்றாங்க. நாங்க யாரும் போகச் சொல்லல. அவங்களா போயிட்டாங்க."

பிராசர் நாற்காலியைப் போதகர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்பவும் அந்தக் குரல் இருக்கா?"

"இருக்காவா? போன கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ குளிக்கும்போது பாடினான். தெருவே நின்னு கேட்டுச்சு. முழுசாக் கேட்டுட்டுத்தான் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்டோம்."

"அப்போ மன்னிப்பே கிடையாதா?"

"ஏன் கிடையாது? ஊரோட வந்து குழுவுல நின்னா அந்த நிமிஷமே மன்னிப்போம். அதான் ஓய்வு வாங்கிட்டானே. இன்னும் பத்து நாள்ல நானும் ஹவலும் போய்க் கேக்கறதா இருக்கோம்."

பிராசர் சட்டென்று எழுந்தார். குடையை எடுக்கவும் மறந்து தெருக்கோடிக்கு ஓடி, நனைந்துகொண்டே மகளுக்கு ஃபோன் போட்டார்.

"என்னப்பா சொல்றாங்க?" ஃபோனை எடுத்ததுமே கேட்டாள் லவ்ரி.

"ஊரே குறை சொல்லுதும்மா."

மறுமுனையில் விசும்பல் கேட்டது. "அப்போ... கல்யாணம் வேண்டாமாப்பா?"

"யாரு சொன்னா? ஒரு வாரத்துக்குள்ளேயே முடிச்சாகணும். முடிஞ்ச கையோட மாப்பிள்ளை நம்ம ஊர்லதான் குடியிருக்கணும், சொல்லிட்டேன்!" என்று கத்தினார், உச்சக் குரல் ஒன்றுகூட இல்லாத பாடகர் குழுவை இத்தனை வருடமாகக் கட்டி மேய்த்து, ஒவ்வொரு தேசியப் போட்டியிலும் கடைசி இடத்தைத் தவறாமல் வாங்கி வந்துகொண்டிருந்த பிராசர்.