நாற்பத்தொரு வீடியோ

"எண்ணிப் பார்த்துட்டேன் சார். மொத்தம் நாற்பத்தொண்ணு!"

சங்கத் தலைவர் ஒரு செல்போனை மேனேஜரின் மேஜையில் வைத்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் குலுங்கியது.

நாற்பத்தொன்றிலும் இருப்பது ஒரே ஆள். கட்டிங் மாஸ்டர். இருபது வருடமாக அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டியவர். ஆறு வாரம் முன்பு, கத்தரி தன்னை வேவு பார்க்கிறது, மனைவி குடிதண்ணீரில் எதையோ கலக்கிறாள் என்று கத்திக் கூச்சல் போட்டு, மனநல மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டவர்.

படம் எடுத்த பெண் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். செக்கிங் பிரிவு. தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. அதனால் அவருக்குச் சிநேகிதர்கள் கிடையாது. பட்டப்பெயர் மட்டும் உண்டு: பூதக்கண்ணாடி.

"உங்களை வேலையை விட்டுத் தூக்கணும்னு சங்கமே எழுதிக் குடுத்திருக்கு," என்றார் மேனேஜர். "தூக்காதேன்னுதான் இவங்க எழுதுவாங்க. என் சர்வீஸ்ல இது முதல் தடவை."

"சார், அந்த வீடியோவை நான் அவங்க வீட்டுல..."

"வீட்டை ஏம்மா இழுக்கறீங்க?" தலைவர் பாய்ந்தார். "நல்ல சட்டையிலயே நூல் பிரிஞ்சிருக்குன்னு சொல்ற ஆளு சார் இவங்க. மனுஷனுக்குப் புத்தி பிரிஞ்சா சும்மா விடுவாங்களா? துணிக்கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு எடுத்திருக்காங்க!"

"மாஸ்டருக்கு இப்ப எப்படி இருக்கு? அதை மட்டும் யாராவது சொல்லுங்க."

"அய்ய, நடிப்பைப் பாரேன்," என்றார் சாட்சிக்கு வந்திருந்த பட்டன் பிரிவுப் பெண். பூதக்கண்ணாடியின் போனில் அந்த வீடியோக்களை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"அடுத்தவன் கஷ்டத்தைப் படம் பிடிச்சு ரசிக்கிறவங்களோட ஒரே கூரைக்குக் கீழ வேலை பார்க்க முடியாது சார்," என்றார் தலைவர். "என் பேச்சை நம்ப வேண்டாம். மாஸ்டர் சம்சாரத்தையே வரச் சொல்லியிருக்கேன். அவங்க வாயாலயே கேளுங்க."

கதவு திறந்தது. மாஸ்டரின் மனைவி வந்தார். அவர் பின்னாலேயே மாஸ்டரும் வந்தார்.

இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. ஆனால் பார்வை நேராக இருந்தது.

"என்ன சார், என் டேபிள்ல எவன் வெட்டறான்? வெளியில வேஸ்ட் துணி மூட்டையைப் பார்த்துட்டுத்தான் வரேன். வயிறு எரியுது."

மேனேஜர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"இங்க பூதக்கண்ணாடிங்கறது யாரு?" மனைவி கேட்டார்.

தலைவர் ஆவலாக விலகி வழிவிட்டார். கன்னத்தில் அறை விழும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

மாஸ்டரின் மனைவி, பூதக்கண்ணாடியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க அக்கா. அன்னிக்கு உங்க முகத்தைக்கூடப் பார்க்காம கதவைச் சாத்தினேன். நீங்க கதவுக்கு அடியில மெமரி கார்டைத் தள்ளிட்டுப் போனீங்க. கூடவே ஒரு சீட்டு. 'இடது உதடு, இடது கை, ரெண்டும் ஒரே நேரத்துல இழுக்குது. டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னு."

"எது இழுக்குது?" மேனேஜருக்குப் புரியவில்லை.

"ரெண்டே செகண்டு சார், வெட்டி இழுக்கும். கூடவே இருந்த என் கண்ணுல படல. மனநல டாக்டர் நாற்பத்தொண்ணையும் பார்த்துட்டு, அப்பவே மூளை டாக்டரைக் கூப்பிட்டாரு. ஸ்கேன் எடுத்தா மூளைக்குள்ள வீக்கம்! நோயை எதிர்க்க வேண்டிய உடம்பே ஆள் தெரியாம இவர் மூளையைத் தாக்கியிருக்காம். வீக்கம் வத்த ஊசி போட்டாங்க. மூணாவது வாரம், 'உன்னையா சந்தேகப்பட்டேன்?'னு கேட்டு அழுதாரு. இன்னும் நாளாகியிருந்தா அந்த இடமே சுருங்கிப்போய், பழைய ஆளாத் திரும்பாமலே போயிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

மேனேஜர் பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு வைத்தியம் தெரியாது சார். சட்டைதான் தெரியும். பிசகு இங்கொண்ணு அங்கொண்ணுன்னு வந்தா, தைக்கிறவங்க கவனம் சரியில்லைன்னு அர்த்தம். ஒரே இடத்துல, ஒரே மாதிரி, சட்டைக்குச் சட்டை வந்தா தைக்கிறவங்களைத் திட்டக் கூடாது. மெஷினைத் திறந்து பார்க்கணும்."

மாஸ்டர் சிரித்தார். "இருபது வருஷமா நான் வெட்டினதுல குறை சொல்லிக்கிட்டே இருந்தாங்க சார். இப்பத்தான் முதல் தடவையா என் மேல தப்பில்லைன்னு சொல்றாங்க!"

மேனேஜர் சங்கத்தின் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "திங்கட்கிழமையில இருந்து அரை நாள் வாங்க மாஸ்டர். உடம்பு தேறத் தேற முழு நாளாக்கிக்கலாம்."

சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லாம் மாஸ்டர் மேல இருக்கிற பாசம்தான் தங்கச்சி. அந்த ஆத்திரத்துலதான் நாங்க..."

"தெரியும் அண்ணே," என்றார் மாஸ்டரின் மனைவி. "உங்க வாட்ஸ்அப் குரூப்புல சுத்திச்சே, நீங்க எடுத்த வீடியோ, அதையும் டாக்டர்கிட்ட காட்டினேன். அதுல உதடும் தெரியல, கையும் தெரியல. உங்க சிரிப்புச் சத்தம்தான் கேட்டுச்சு."