நிற்கும் வண்டியின் நிறம்

மதியம் அக்காவும் அத்தானும் வருவதற்குள் அந்த நீலத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும்.

வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவன் சைலன்சர் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலில் பற்பசையைப் போட்டுப் பார்த்தான். குழாய்க்கு வாசனை வந்ததுதான் மிச்சம். இப்போது கடையில் வாங்கி வந்த பாலிஷ்.

துணி கறுத்துக்கொண்டே போனது. எஞ்சினிலிருந்து குழாய் வளைந்து இறங்கும் இடத்தில் நீலம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அதைச் சுற்றி ஊதா, அதற்கும் வெளியே பழுப்பு மஞ்சள். அடி வாங்கிய தோல் கன்றிப்போனது போல இருந்தது.

ஓடும் வண்டி என்றால் காற்று பட்டுக் குழாய் ஆறிவிடும். வண்டி நின்றுகொண்டிருக்க எஞ்சின் மட்டும் ஓடினால் சூடு போக வழியில்லை. தினமும் அப்படியே நிறுத்தி வைத்தால் குழாய் வெந்து நிறம் மாறிவிடும்.

வண்டிப் பட்டறை வைத்திருக்கும் அத்தானுக்கு இது தெரியாமலா இருக்கும்? வண்டி என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்த அன்று, அக்காவைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் நின்ற ஸ்கூட்டரைத்தான் பார்த்தார் என்று இன்றைக்கும் கேலி செய்வார்கள். எங்கேடா நிறுத்தி வைத்திருந்தாய் என்று நிச்சயம் கேட்பார். போக்குவரத்து நெரிசல் என்று சொல்லலாம். தினமுமா என்பார்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தி வைத்திருந்தான்.

அப்பாவைச் சேர்த்ததிலிருந்து காலை முறை அக்காவுக்கு, மாலை முறை அவனுக்கு. மாலையானால் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு ஒழுங்காகக் கிளம்பிவிடுவான். வாசல் வரைக்கும் போவான். எஞ்சினை அணைத்தால் இறங்க வேண்டும், இறங்கினால் உள்ளே போக வேண்டும். அதனால் அணைக்காமலேயே உட்கார்ந்திருப்பான். காவலாளி பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். பார்வை நேரம் முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது அவனும் வண்டியைத் திருப்புவான். அக்கா போனில் கேட்டால் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்வான். வாய் கூசாமல் சொல்வான்.

உள்ளே போனால் அப்பாவின் வலது காலைப் பார்க்க வேண்டுமே.

முன்பு குழாயின் மேல், வளைவிலிருந்து பின்பக்கம் வரைக்கும் நீளமாக ஒரு தகடு இருந்தது. பின்னால் உட்காருகிறவரின் கால் சுடாமல் இருப்பதற்கான தகடு. குழாயின் மினுமினுப்பை மறைக்கிறது என்று அவன்தான் அதைக் கழற்றிப் பரணில் போட்டான். அப்புறம் ஒருநாள் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். இறங்கும்போது அவருடைய கெண்டைக்கால் குழாயில் அழுந்திவிட்டது. அப்பா கத்தக்கூட இல்லை. ஏறியிருந்த பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

சர்க்கரை உடம்பு. கொப்புளம் புண்ணாகி, புண் உள்ளே குழிந்து, கடைசியில் டாக்டர் சதையை அறுத்துச் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டியதாயிற்று.

தகடு இன்னும் பரணில்தான் கிடக்கிறது. எடுத்து மாட்டினால் நீலம் இருக்கும் இடமே தெரியாமல் மறைந்துவிடும். காலையில் நாற்காலி போட்டு ஏறியும் பார்த்தான். எடுக்கக் கை வரவில்லை. அப்பாவின் காலைச் சுட்ட பிறகு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை மாட்டுவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கி வந்து பற்பசையைத் தேடினான்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, திருட்டு முழி முழித்தபடி எழுந்து நின்றான்.

அத்தான் நேராக வண்டியிடம்தான் வந்தார். குனிந்தார். நீலத்தின் மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை தடவினார். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அத்தான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன்டா, தினமும் சாயங்காலம் வந்து அப்பாவுக்கு இடது காலை அமுக்கி விடறியாமே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? காலைல போனா அப்பா வாயில உன் பெருமைதான். கட்டுப் போட்ட கால் பக்கம் மட்டும் திரும்பியே பாக்க மாட்டேங்கறானாம். 'புண்ணு நல்லா ஆறிட்டு வருது, இன்னைக்காவது பயப்படாம பாக்கச் சொல்லு'ன்னாரு."