பிழை பிஸ்டலில்தான்

“என்ர கண்ணில பிழையெண்டு எந்த மடையன் சொன்னவன்? பிழை பிஸ்டலில!”

மகள் துர்க்காவுக்குச் சொல்ல வேண்டியதைக் கடை முழுவதற்கும் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார் ஜெயரட்ணம். வயது எழுபதைத் தாண்டியும் தொண்டைக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

வோபர்னில் இருக்கும் அந்த வேட்டைச் சாமான் கடையின் பின்னறையில், துவக்கும் பிஸ்டலும் பழுதுபார்ப்பவள் எமில்டா. மத்தியானம் அவள் போன் எடுத்து, “அங்கிள், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ” என்றதும், மனுசன் மகளை வேலையில் அரை நாள் லீவு போட வைத்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவரிடம் இருந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிஸ்டல். முறையாக லைசன்ஸ் எடுத்து, சனிக்கிழமைகளில் கிளப்புக்குக் கொண்டுபோய்க் கடதாசியைச் சுடுவார். சில மாதங்களாக அவருடைய குண்டுகள் பக்கத்து ஆளின் கடதாசியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒருவர் பயந்து பயந்து, “கண்ணை ஒருக்காக் காட்டிப் பாருங்கோவன் அண்ணை” என்று சொல்லிப் பார்த்தார். அவரோடு இவர் இப்போது கதைப்பதில்லை.

“முன் சைட் தேஞ்சு போச்சு” என்பதுதான் ஜெயரட்ணத்தின் தீர்ப்பு. குறி பார்ப்பதற்காகப் பிஸ்டல் குழலின் நுனியில் நிற்கும் சின்ன இரும்புத் துண்டு அது. “நான் என்ன செய்யிறது? பார்த்தால் அங்க ஒண்டும் தெரியேல்லை.”

குண்டு எங்கே போனால் துர்க்காவுக்கு என்ன? அவளுடைய பயம் வேறு. ஏழு வயது அட்சயாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் கூட்டிவருவது இவர்தான். போன கிழமை மார்க்கம் பக்கத்து ரோட்டில் ஸ்டொப் சைன் ஒன்றைக் கவனிக்காமல் காரை நிறுத்தாமலே போயிருக்கிறார். “தாத்தா டிட்ன்ட் ஸ்டொப், அம்மா” என்று பிள்ளையே வந்து சொன்னது. அன்றிலிருந்து துர்க்கா மகளை அவருடைய காரில் ஏற்றவில்லை. அவர் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.

கடைசியில் ஒரு உடன்பாடு. பிஸ்டலை எமில்டாவிடம் கொடுத்து முன் சைட்டை மாற்றுவது. புதுசு வடிவாகத் தெரிந்தால் பிழை பிஸ்டலில். அட்சயா பழையபடி தாத்தாவின் காரில் ஏறலாம். தெரியாவிட்டால் அவர் மறு பேச்சில்லாமல் கண் டொக்டரிடம் போக வேண்டும்.

“கண் டொக்டரோ? சுவரில எழுத்தைக் காட்டி வாசியெண்டுவான். நான் என்ன பாலர் வகுப்போ?” என்றார் இப்போதும்.

எமில்டா துணியில் சுற்றிய பிஸ்டலோடு பின்னறையிலிருந்து வந்தாள். உள்ளே குண்டில்லை என்று திறந்து காட்டினாள்.

“அங்கிள், முதல்ல ஒரு விசயம்...”

“விசயமெல்லாம் பிறகு. கொண்டா இங்க.”

“இல்லை அங்கிள், நான் உங்களை வரச் சொன்னது...”

“பிள்ளை, வேலை தெரிஞ்ச ஆக்கள் வாயால கதைக்கமாட்டினம். பொருளைக் காட்டுவினம்.”

எமில்டாவுக்குச் சுள்ளென்று ஏறியது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. “சரி, பாருங்கோ” என்று பிஸ்டலை அவர் கையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜெயரட்ணம் ஒரு கண்ணை மூடினார். சுவரில் மாட்டியிருந்த மான் தலையை நோக்கிக் கையை நீட்டினார்.

“ஆகா! இதெல்லோ சைட்! நட்ட நடுவில, ஊசி மாதிரி நிக்குது. அந்த மானின்ர மூக்கு நுனியில கொண்டுபோய் வைக்கலாம் போல கிடக்கு.”

“ஆர் யூ ஷுவர், அப்பா? வடிவாத் தெரியுதோ?”

“தெரியுதோவோ? உன்னை மாதிரி, போன் சொல்லுற பக்கம் காரைத் திருப்புற ஆளெண்டு நினைச்சியோ என்னை? நாப்பது வருசமா இந்த ரோட்டுகளில ஓடுறன். கிளப்பில இருக்கிற கண்ணாடிக் கூட்டம் ஏதோ புலம்புதாம், பெத்த மகள் அதைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சட்டம் போடுறாவாம். வெக்கமாயில்லையோடி உனக்கு?”

துர்க்காவுக்கு உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது. பிள்ளையைக் காட்டி அப்பாவை இவ்வளவு நாளும் நோகடித்துவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

“சொறி அப்பா. நான்தான் பிழை. அட்சயாவை இனி நீங்களே கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“இனியென்ன இனி? இண்டைக்கே போறன். பள்ளிக்கூடம் விடுற நேரமும் சரி.” பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு எமில்டாவைப் பார்த்துப் பெரிய மனசோடு தலையாட்டினார். “பரவாயில்லை பிள்ளை, உனக்கும் வேலை கொஞ்சம் தெரியுதுதான்.”

எமில்டாவின் முகத்தில் இருந்த கோபம் எங்கேயோ போயிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, துர்க்காவைப் பார்த்தாள்.

“தங்கச்சி, இவரைக் கார் ஓட விடாதேங்கோ” என்றாள். “நான் பழைய சைட்டைக் கழட்டினது மட்டும்தான். புதுசு இன்னும் கடைக்கு வந்து சேரவேயில்லை.”