பெஞ்சிலிருந்து கூப்பிடும் குரல்

களைத்துப் போனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

என் கணவர் அகிலனுக்கு அவருடைய கிளப்தான் சொல்லும். மெல்பேர்னில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடிய நடுக்கள வீரர் அவர். ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது. களைப்புத் தெரியாமலிருக்க, சேர்ந்த புதிதிலேயே காதுக்குள் ஒரு சிறு கருவியை வைத்துவிட்டார்கள். உடம்பு தாங்காத நேரம் பார்த்து, மைதான ஓரத்துப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் அதில் கூப்பிடும். உடனே வந்து உட்கார்ந்துவிடுவார்.

போன மாதம் ஒப்பந்தம் முடிந்ததும் குரலை நிறுத்திவிட்டார்கள். காதில் வைத்ததை எடுக்க முடியாதாம்; களைப்பு இன்னும் அவருக்குத் தெரிவதில்லை.

இப்போது ஓடப் போனால் அவர் தானாகத் திரும்பி வருவதில்லை. இதயம் இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை அவரை ரயில் பாதைக்கு அப்பால்தான் கண்டுபிடித்தேன். சப்பாத்துக்குள் இரத்தம்.

"வாங்கோ, வீட்ட போவம்."

"இன்னும் கூப்பிடேல்லையே."

"நான் கூப்பிடுறன்தானே?"

"நீர் பெஞ்ச் இல்லையப்பா" என்று சிரித்தார்.

காரில் ஏற்றி நேரே கிளப்புக்குக் கொண்டுபோனேன். அலுவலகத்தில் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் இருந்தார்.

"ஒருக்கா மட்டும் கூப்பிடச் சொல்லுங்கோ, தம்பி. 'வா' எண்டால் காணும்."

"அந்தக் குரல் கிளப்பின்ர சொத்து, அக்கா. இப்ப வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினேன். சப்பாத்துகளை எல்லாம் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் காலை யன்னல் திறந்து கிடந்தது. அவர் வெறுங்காலோடு ஓடப் போயிருந்தார்.