நான்காவது சிலிண்டர்

மதிய வெயில் திறந்து கிடக்கும் எஞ்சின்மேல் நேராக விழுகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நான்கு சிலிண்டர்களிலும் கணவன் நேற்றே கரைப்பான் ஊற்றிவிட்டான். பிஸ்டன் வளையங்களில் இறுகிய கரி இளகினால் கரைப்பான் கீழே இறங்கிவிடுமாம்; அதன்பின் கார் எண்ணெயை எரிப்பது குறையுமாம். நாளைக் காலை புகைப் பரிசோதனை. இந்த முறையும் தேறாவிட்டால் காரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். "குடிக்குது, புகை விடுது. மாப்பிள்ளையா வந்திருந்தா எங்கப்பா வாசலோட அனுப்பியிருப்பாரு," என்கிறாள் மனைவி. "மூணு இறங்கிடுச்சும்மா. நாலாவதுதான் முரண்டு பிடிக்குது." "காலையிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க." அவன் டார்ச் அடிக்கிறான். நான்காவது பிளக் துளைக்குள் கறுப்புத் திரவம் அசையாமல் மினுங்குகிறது. நெடி அவள் தொண்டையைக் கமறச் செய்கிறது. திட்ட வாய் திறக்கும்போது ஒரு குமிழி எழுந்து உடைகிறது. திரவம் நூலளவு இறங்குகிறது. அவன் மூச்சுவிடாமல் அவளைப் பார்க்கிறான். அவள் கரைப்பான் டப்பாவை எடுத்து அவன் கையில் திணிக்கிறாள். "ஊத்தித் தொலைங்க."