நாள் வாரியாக

"லாபத்தை ஆள் வாரியா பிரிச்சுப் போடும்மா," என்றார் டீக்கடைகளின் முதலாளி புகழேந்தி, புதிய மென்பொருளைப் பார்த்தபடி.

கணக்கு எழுதும் மதிவதனி தட்டச்சை நிறுத்தினாள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலைக் கடையில் டீ மாஸ்டராக இருக்கும் அவள் கணவன் காசிக்கு, கை முறிந்ததிலிருந்து வேகமில்லை.

"வேணாம் சார். நாள் வாரியா போதும்."

அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "சரி," என்றார்.

மாலையில் அந்தக் கடையின் நாள் கணக்கைத் திறந்ததும் திரை முழுக்க நஷ்டச் சிவப்பு பரவியது. பௌர்ணமி மட்டும் பச்சை.

"அடி அண்ணாமலைக் கடையை இனிமே பௌர்ணமிக்கு மட்டும் திறப்போம். மாஸ்டரை நிறுத்திடு."

மதிவதனி திரையிலிருந்து நிமிர்ந்தாள். "ஆள் வாரியா எதுக்கு சார் கேட்டீங்க?"

"பௌர்ணமிக்குக் காசி டீக்குன்னே கூட்டம் வருதுன்னாங்க. பெரிய கடைக்கு மாத்தலாம்னு பார்த்தேன். பொண்டாட்டி நீயே வேணாம்னதும் அவன் வேலை சரியில்லைன்னு புரிஞ்சிடுச்சு. அங்க வேற ஆளைப் போட்டுட்டேன்."