இடைவேளைக்குப் பிறகு

"உக்காரும்மா. நல்ல கட்டம் வரப்போகுது."

மாமனார் சொன்னதும், எழுந்த மருமகள் தயங்கி நின்றாள். தோளில் கிடந்த குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"தூக்கம் வந்துடுச்சு மாமா. உள்ள போட்டுத் தட்டிட்டு வந்துடறேன்."

"படம் பாக்கறதுன்னா படம் பாக்கணும். உங்க தலைமுறைக்கு ஒரு இடத்துல உக்காரவே முடியல."

அவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி கிடக்க, தான் மட்டுமே பேசிப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எத்தனையோ வருடங்களாக எங்குமே கிடைக்காத படம் அது. போன வாரம் யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றியிருந்தான். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

தம்பி ஏற்படுத்திய விபத்தின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போகிற பஸ் டிரைவர் அண்ணன் கதை. பாட்டு முடிவதாக இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் தெரிந்த மலை, துணி மாதிரி அசைந்தது. மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். டாக்டர் மட்டும் வசனத்தை முந்திக்கொண்டு முணுமுணுத்தார்.

மகன் எழுந்து மனைவியிடம் கையை நீட்டினான். "குடு, நான் தூங்க வைக்கறேன். நீ பாரு."

"ஆளாளுக்கு எழுந்துக்கறீங்களேடா. உங்கம்மாவும் கைக்குழந்தையோடதான் இந்தப் படத்தைப் பார்த்தா. தியேட்டர்ல எள் போட்டா விழாது. நீ அவ மடியில மூச்சு விடாம கிடந்தே. நாங்க ரெண்டு பேரும் கடைசி சீன் வரைக்கும் கண்ணைக் கொட்டாம பார்த்தோம். என்ன, சரிதானே?"

டாக்டரின் பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "ம்" என்றாள்.

மகன் குழந்தையோடு அறைக்குள் போனான். மருமகள் முகம் சிறுத்து உட்கார்ந்தாள்.

இடைவேளை என்ற எழுத்து வந்து போனது. ஜெயில் கதவு திறந்து, தாடியும் கம்பளியுமாக ஒருவன் வெளியே வந்தான்.

"இது யாருங்க?" என்றாள் மனைவி.

"அண்ணன்தான்."

"ஓ. அந்தப் பொண்ணு?"

"தம்பி பொண்டாட்டி."

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

டாக்டர் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். "உங்க அத்தைக்கு ஞாபகம் சுத்தமாப் போச்சு. கூடவே உக்காந்து பார்த்தவ, புதுசா கேக்கறா பாரு."

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே அண்ணன், தம்பி வீட்டு வாசல்வரை வந்தான். உள்ளே கேட்ட சிரிப்புச் சத்தத்தில் அப்படியே திரும்பி நடந்தான். அவள் கண் கலங்கிவிட்டது.

"பாவம். நீங்க கதை சொன்னப்ப, அவன் உள்ள போயிட்டான்னுல்ல நெனச்சேன்."

"நான் எதுக்கு உனக்குக் கதை சொல்லணும்? நீதான் பார்த்தியே."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பார்க்கலீங்க. ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல நம்ம பையன் வீறிட்டு அழுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. வெளிய தூக்கிட்டுப் போன்னு நீங்கதான் சொன்னீங்க. மாடிப்படிக்குக் கீழ நின்னேன். உள்ள கை தட்டற சத்தம் மட்டும் கேக்கும்."

"இடைவேளையில உள்ள வந்திருப்பியே."

"நீங்க வெளிய வந்தீங்க. பையனுக்கு உடம்பு சுடுது, போயிடலாமான்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம்தான்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

குரலில் கோபமில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

இல்லை என்று மறுக்கத்தான் டாக்டர் நினைத்தார். அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் அவளைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது தேடிப் பார்த்தார். அங்கே யாரோ ஒரு தடித்த ஆள், இவர் தோளை இடித்தபடி உட்கார்ந்திருந்தான். காட்சி முடிந்து வீடு வரைக்கும் இவர் கதை சொல்லிக்கொண்டே கைவீசி நடந்தார். அவள் பின்னால், ஜுரத்தில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.

ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். மருமகள் பக்கம் திரும்ப முகமில்லை. அறைக்குள் மகன் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் ஓசை கேட்டது.

மருமகள்தான் மெல்லக் கேட்டாள். "ஏன் அத்தை, மாமா இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் இதைச் சொல்றார். ஒரு தடவைகூட இல்லைன்னு சொல்லணும்னு தோணலையா?"

"அவர் சொல்ற கதையில நான் அவர் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கேக்க நல்லா இருந்துச்சும்மா."